ரேட்டிங் குழு அறையில் யார் உட்காரலாம்?

ஒரு நிறுவனம் கடன் பத்திரம் வெளியிடப் போகிறது. அதற்கு ரேட்டிங், அதாவது கடனைத் திருப்பித் தரும் திறனுக்கான மதிப்பெண், வேண்டும். மதிப்பீட்டு நிறுவனத்தின் வணிகப் பிரிவுதான் முதலில் பேசும்: எவ்வளவு கடன், எத்தனை ஆண்டு, கட்டணம் என்ன. ஒப்பந்தம் கையெழுத்தானதும் கோப்பு ஆய்வுப் பிரிவுக்கு நகரும். முதன்மை ஆய்வாளர் கணக்குகளைப் படித்து, நிர்வாகத்தைச் சந்தித்துக் குறிப்பு எழுதுவார். மதிப்பீட்டுக் குழு அந்தக் குறிப்பை விவாதித்து, வாக்கெடுத்து, ரேட்டிங்கைத் தீர்மானிக்கும். முடிவு நிறுவனத்துக்குச் சொல்லப்படும். புதிய தகவல் ஏதும் இருந்தால் மேல்முறையீட்டுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பிறகு வெளியீடு, அதன்பின் கடன் தீரும்வரை கண்காணிப்பு.

இந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கை நீண்டு ரேட்டிங்கை அரைப்படி உயர்த்திவிட முடியும். மதிப்பீட்டு நிறுவனங்களின் சுதந்திரத்தைக் காக்கும் சட்டங்கள் அத்தனையும் அந்தக் கைகளைத் தடுக்க எழுந்த வேலிகள்தான். ஆய்வாளர் நேர்மையானவரா என்று எந்த ஒழுங்குமுறை அமைப்பாலும் அளக்க முடியாது. யார் யாரிடம் எப்போது பேசினார், பணம் எந்த வழியாக வந்தது, கணினி மாதிரி முதலில் என்ன விடை தந்தது, இறுதியில் அச்சானது என்ன என்பவற்றை அளக்க முடியும். அளக்க முடிந்த இந்த இடங்களில் வேலிகள் ஓரளவு பலன் தந்திருக்கின்றன. ஆனால் முக்கியமான ஓர் இடம் இன்னும் திறந்தே கிடக்கிறது: எந்த நிறுவனத்திடம் மதிப்பெண் வாங்குவது என்பதை மதிப்பெண் வாங்குபவரே தேர்ந்தெடுக்கிறார்.

முதலில் அப்படி இல்லை. ஜான் மூடி 1909-ல் அமெரிக்க ரயில்வே பத்திரங்களுக்குக் குறியீடு போட்டுப் புத்தகமாக விற்றபோது, காசு கொடுத்தவர் அதை வாங்கிப் படித்த முதலீட்டாளர். அறுபது ஆண்டுகள் கழித்து இரண்டு விஷயங்கள் கூடி வந்தன. ஒன்று நகல் எடுக்கும் இயந்திரம்: ஒருவர் சந்தா கட்டினால் பத்துப் பேர் படித்தார்கள். மற்றொன்று, 1970-ல் பென் சென்ட்ரல் ரயில்வே 8 கோடி டாலருக்கும் அதிகமான குறுகியகாலக் கடன் பத்திரங்களோடு திவாலானது. பயந்துபோன சந்தை, தரச் சான்று இல்லாத பத்திரத்தைத் தொட மறுத்தது. சான்றுக்குத் தவித்தவர்கள் பத்திரம் வெளியிடுபவர்கள். ஆகவே கட்டணமும் அவர்கள் தலையில் விழுந்தது. 1975-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி, தரகு நிறுவனங்களின் மூலதன விதிக்காக 'அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனம்' என்ற ஒரு வகையை உருவாக்கியது. அதோடு ரேட்டிங், கருத்து என்ற நிலையிலிருந்து அனுமதிச் சீட்டு என்ற நிலைக்கு வந்துவிட்டது.

விளைவாக வந்த 2008 நிதி நெருக்கடியை எல்லோரும் அறிவார்கள் என்றாலும் எண்ணிக்கையை ஒருமுறை பார்த்துவிடலாம். 2000 முதல் 2007 வரை மூடிஸ் நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 45,000 வீட்டுக்கடன் சார்ந்த பத்திரங்களுக்கு மிக உயர்ந்த தரமான ட்ரிபிள் ஏ கொடுத்தது. அதே குறியீட்டைப் பெற்றிருந்த அமெரிக்கத் தனியார் நிறுவனங்கள் 2010 தொடக்கத்தில் ஆறே ஆறு. 2006-ல் ட்ரிபிள் ஏ வாங்கிய வீட்டுக்கடன் பத்திரங்களில் 83 சதவீதம் பின்னர் தரம் இறக்கப்பட்டன என்று அமெரிக்க நிதி நெருக்கடி விசாரணை ஆணையம் பதிவு செய்தது.

வேலிகளில் முதலாவது, கட்டணம் பேசுபவரும் குழுவில் வாக்களிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது. அமெரிக்காவில் நெருக்கடிக்குப் பிறகு 2010-ல் வந்த நிதிச் சீர்திருத்தமான டாட்–ஃபிராங்க் சட்டத்தைத் தொடர்ந்து 2014-ல் வந்த விதி இன்னும் ஒரு படி மேலே போனது. விற்பனை நோக்கத்தால் உந்தப்பட்ட யாருமே ரேட்டிங்கிலோ மதிப்பீட்டு முறையிலோ கைவைக்கக் கூடாது என்றது. காகிதத்தில் சுவர் உயரமானதுதான். அது எப்படித் துளைக்கப்படுகிறது என்பதற்கு இரண்டு வழக்குகள் நல்ல பாடம். 2020-ல் மார்னிங்ஸ்டார் ரேட்டிங் பிரிவு 35 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. சொத்துப் பின்னணிப் பத்திரங்களின் (கடன்களைத் திரட்டி, அவற்றின் வசூலை ஈடாக வைத்து வெளியிடுபவை) ஆய்வாளர்களையே வாடிக்கையாளர் பிடிக்க அனுப்பியிருந்தார்கள். அங்கே சுவரின் ஒரு பக்கத்து ஆட்கள் மறுபக்கத்து வேலையைச் செய்தார்கள்.

எஸ் அண்டு பி என்ற பெரிய மதிப்பீட்டு நிறுவனத்தின் கதை நுட்பமானது. 2017-ல் பெரிய வீட்டுக்கடன்கள் சார்ந்த ஒரு பத்திரத்துக்கு, முடிவான ரேட்டிங்குக்கு முன்பே வெளியீட்டாளரிடம் முதற்கட்டக் கருத்து சொல்லப்பட்டது. அதில் கணக்குப் பிழை இருந்தது. பிழை தெரிந்த பிறகும், சொன்ன சொல்லைக் காப்பாற்றும்படி வணிகப் பிரிவினர் ஆய்வாளர்களை நெருக்கினார்கள். 2022-ல் இதற்காக அந்த நிறுவனம் 2 கோடி டாலர் கட்டியது. தவறைத் தானே முன்வந்து அறிவித்தும் கட்ட வேண்டி வந்தது. கவனிக்க வேண்டியது அந்த 'முதற்கட்டக் கருத்து' என்ற சொல். ஒப்பந்தம் இறுதியாகாத நிலையில், விலை பேசும் சூட்டில், ஒரு எண் வாயிலிருந்து வெளியே போய்விடுகிறது. அதற்குப் பிறகு கூடும் குழு எதைத் தீர்மானித்தாலும், போன எண்ணை மதிப்பதா மீறுவதா என்ற கேள்வி மேசையில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு தனி ரேட்டிங்கை வளைப்பது ஆபத்தான காரியம், தடயம் விடும். மதிப்பீட்டு முறையையே வளைத்துவிட்டால் எல்லாம் விதிப்படி நடந்ததாகவே தோன்றும். 2011-ல் எஸ் அண்டு பி வணிகக் கட்டட அடமானப் பத்திரங்களில் இடம் இழந்துகொண்டிருந்தது. வாடகை வருமானம் கடன் தவணையைப் போல எத்தனை மடங்கு என்பதைக் காட்டும் விகிதத்தை, வங்கிக்காரர்கள் டிஎஸ்சிஆர் என்பார்கள். தவணையைக் கணக்கிட வெளியே அறிவித்திருந்த கடுமையான முறை ஒன்று. உள்ளே பயன்படுத்தியது அதில் பாதியும் தளர்வான முறையில் பாதியும் சேர்த்த கலவை. தவணை சிறியதாகத் தெரிந்தது, விகிதம் ஏறியது, முதலீட்டாளருக்குத் தேவைப்பட்ட பாதுகாப்பு மெத்தை மெலிந்தது. 2015-ல் எஸ்இசி-க்கும் இரண்டு மாநிலங்களுக்குமாக மொத்தம் 7.7 கோடி டாலர் கட்டியதோடு, அந்தக் குறிப்பிட்ட வகைப் பத்திரங்களை ஓராண்டு மதிப்பிடக் கூடாது என்ற தடையும் விழுந்தது. அபராதத்தைவிட இந்தத் தடை வலித்திருக்கும் என்பது என் கணிப்பு. அபராதம் ஒரு காலாண்டுச் செலவு. தடை, வாடிக்கையாளரைப் போட்டியாளர் வாசலுக்கு அனுப்புகிறது.

முறையை வளைப்பதைத் தடுக்க ஐரோப்பாவின் விதி எளிமையானது. முறையில் முக்கிய மாற்றம் வருவதானால் வரைவை இணையதளத்தில் போட்டு ஒரு மாதம் கருத்துக் கேட்க வேண்டும். முறையில் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் எஸ்மா என்ற ஐரோப்பியக் கண்காணிப்பு ஆணையத்துக்கும் பாதிக்கப்பட்ட நிறுவனங்களுக்கும் சொல்ல வேண்டும். அதன் விளைவை வெளியிட வேண்டும். பிழையைச் சத்தமில்லாமல் மறைக்க முறையையே திருத்திக்கொள்ளும் தந்திரத்துக்கு இது பூட்டு.

ஆள் மாற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐரோப்பாவில் முதன்மை ஆய்வாளர் ஒரே நிறுவனத்தை 4 ஆண்டுக்கு மேல் பார்க்கக் கூடாது. மற்ற ஆய்வாளர்களுக்கு 5. ரேட்டிங்கை ஏற்று ஒப்புதல் தருபவர்களுக்கு 7. திரும்பி வர 2 ஆண்டு இடைவெளி. பழகிய முகத்துக்கு முன் கடுமையாக எழுத மனம் வராது என்பது உண்மை. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு நிறுவனத்தின் கணக்கில் எது ஒளிந்திருக்கிறது என்பது மூன்றாவது ஆண்டில்தான் பிடிபடத் தொடங்கும், நான்காவது ஆண்டில் ஆளை மாற்ற வேண்டும். அறிவைக் கைமாற்றும் குறிப்பு ஒழுங்காக எழுதப்படாத நிறுவனத்தில் இந்தச் சுழற்சி நிர்வாகத்துக்கே சாதகமாகிவிடும்: புது ஆளுக்குப் பழைய கதையை மறுபடி நம்ப வைக்கலாம்.

ஆய்வாளரே வாடிக்கையாளரிடம் வேலைக்குப் போய்விடுவது இன்னொரு வாசல். அவர் தன் கடைசி மாதங்களில் எழுதிய ரேட்டிங் வருங்கால முதலாளிக்கு எழுதிய விண்ணப்பமாக இருக்கலாம். அமெரிக்கச் சட்டம் அவருடைய கடைசி ஓராண்டு வேலையைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறது, ஐரோப்பா இரண்டு ஆண்டு. ரேட்டிங் போட்ட ஆறு மாதத்துக்குள் அந்த நிறுவனத்தில் முக்கிய நிர்வாகப் பதவி ஏற்கவும் ஐரோப்பாவில் தடை. இந்தத் திரும்பிப் பார்க்கும் பரிசோதனையில் நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான், அது பெரியது: வேலையை விட்டவர் எங்கே போனார் என்று மதிப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிந்தாக வேண்டும். ராஜினாமாக் கடிதத்தில் யாரும் அதை எழுதுவதில்லை. விடைபெறும்போது எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குவதும், அதன் பிறகும் சில மாதங்கள் தொடர்ந்து சரிபார்ப்பதும் இல்லாவிட்டால் விதி வெறும் தாள்.

உரிமையாளர் பக்கம் பார்ப்போம். மதிப்பீட்டு நிறுவனத்தில் பெரிய பங்கு வைத்திருப்பவர், மதிப்பிடப்படும் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அமர்ந்திருந்தால்? ஐரோப்பாவில் 10 சதவீதப் பங்குதாரர் அப்படி இருந்தால் புது ரேட்டிங் கொடுக்கக் கூடாது. 5 சதவீதம் என்றால் வெளிப்படுத்த வேண்டும். 2019-ல் ஃபிட்ச் குழுமத்தின் மூன்று நிறுவனங்களுக்குச் சுமார் 51 லட்சம் யூரோவும், 2021-ல் மூடிஸின் ஐந்து ஐரோப்பிய நிறுவனங்களுக்குச் சுமார் 37 லட்சம் யூரோவும் எஸ்மா விதித்த அபராதங்கள் பங்குதாரர் முரண் சார்ந்தவைதான். இத்தகைய வழக்குகளில் யாரோ சதி செய்தார்கள் என்று தேட வேண்டியதில்லை. பங்குதாரரின் இயக்குநர் பதவிகள் ஒரு பட்டியலில், ரேட்டிங் கோரிக்கைகள் வேறொரு பட்டியலில், இரண்டையும் ஒத்துப் பார்ப்பது யாருடைய வேலை என்று எழுதி வைக்கவில்லை என்றாலே போதும். புதுக் கோரிக்கை பதிவாகும் கணத்திலேயே அமைப்பு தானாகத் தடுத்து நிறுத்தும்படி செய்திருந்தால் இந்த வகைப் பிழை பெரும்பாலும் நடக்காது.

மதிப்பீட்டு நிறுவனமே ஆலோசனையும் விற்றால் என்ன ஆகும் என்பதை 2018-ல் சீனா காட்டியது. தாகொங் என்ற பெரிய உள்நாட்டு நிறுவனம், தான் மதிப்பிடும் நிறுவனங்களிடமே ஆலோசனைக் கட்டணம் வாங்கியதற்காக ஓராண்டுக்குப் புதிய வேலை எடுக்கத் தடை பெற்றது. அதே 2018-ல் இந்தியாவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, மதிப்பீட்டு நிறுவனங்கள் ரேட்டிங் தவிர வேறு தொழில் நடத்தக் கூடாது என்றும், ஒரு மதிப்பீட்டு நிறுவனம் இன்னொன்றில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்றும் விதித்தது.

ஆலோசனைத் தடையில் ஒரு சாம்பல் நிறப் பகுதி இருக்கிறது. பத்திரமயமாக்கலில் ஏற்பாட்டாளர் கடன்களைக் கூடையாகக் கட்டி அடுக்குகளாகப் பிரிக்கிறார். உதாரணத்துக்கு, கீழ் அடுக்குகள் 18 சதவீத நஷ்டத்தைத் தாங்கும்படி வைத்து, மேல் அடுக்குக்கு ட்ரிபிள் ஏ கிடைக்குமா என்று கேட்கிறார். இல்லை என்பது விடை. 20 என்றால்? இல்லை. 21? ஆம். மதிப்பீட்டு நிறுவனம் 'இப்படிக் கட்டு' என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அமெரிக்க விதி தடை செய்யும் பரிந்துரை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் மூன்று கேள்வியில் எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பத்திரம் தயாராகிவிட்டது. மதிப்பீட்டு முறையை வெளியிடச் சொல்கிறோம். வெளியிட்ட முறையை வைத்து எல்லை வரை கட்டுகிறார்கள். வெளிப்படைத்தன்மைக்கு நாம் கொடுக்கும் விலை இது. இதைத் தடுக்க முடியாது. ஆனால் கேள்வி பதில் ஒவ்வொன்றையும் தேதியோடு பதிவு செய்யச் சொல்லலாம். ஏழாவது சுற்றில் விடை மாறியது கடன் கூடை மாறியதாலா, அல்லது ஆய்வாளரின் அனுமானம் மாறியதாலா என்று பிறகு பிரித்துப் பார்க்க அந்தப் பதிவு ஒன்றுதான் வழி.

இனி, திறந்து கிடக்கும் இடம். மேலே சொன்ன வேலிகள் எல்லாம் குறையின்றி வேலை செய்கின்றன, மூன்று மதிப்பீட்டு நிறுவனங்களும் அப்பழுக்கற்றவை என்று வைத்துக்கொள்வோம். ரேட்டிங் என்பது கணிப்பு; பிழை இருக்கும். உண்மையான தரத்திலிருந்து ஒரு படி கீழே, சரியாக, ஒரு படி மேலே என மூன்றில் ஏதோ ஒன்று சம வாய்ப்பில் வருகிறது. வெளியீட்டாளர் மூவரிடமும் முதற்கட்டக் கருத்துக் கேட்டு, உயர்ந்ததை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறார். மொத்தம் 27 சேர்க்கைகள். மூவரில் ஒருவராவது ஒரு படி மேலே சொல்லியிருக்கும் சேர்க்கைகள் 19. அதாவது பத்துக்கு ஏழு முறை, அச்சில் வருவது உண்மைக்கு மேலான ரேட்டிங். யாரும் பொய் சொல்லவில்லை. யாருக்கும் அபராதம் விதிக்க முடியாது. பத்திரம் எவ்வளவு சிக்கலானதோ அவ்வளவு கணிப்புகள் சிதறும். சிதறல் கூடக் கூட இந்தப் பிழையும் பெருகும். சாதாரண நிறுவனக் கடன்களை விட்டுவிட்டு நெருக்கடி பத்திரமயமாக்கலில் வெடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஓட்டைக்கு மூன்று அடைப்புகள் முயற்சிக்கப்பட்டன. வாங்காமல் விட்ட ரேட்டிங்கையும் வெளியிடு என்பது ஒன்று. செபி, வெளியீட்டாளர் ஏற்காத ரேட்டிங்குகளையும் இணையதளத்தில் போடச் சொல்கிறது. ஐரோப்பாவில் பத்திரமயமாக்கலுக்கு முதற்கட்டமாகக் கேட்கப்பட்டவற்றை வெளிப்படுத்த வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வந்த முடிவை மறைப்பது கடினம். ஒப்பந்தத்துக்கு முன்பு தொலைபேசியில் கேட்டது எந்தப் பதிவிலும் இல்லை.

இரண்டாவது, அமர்த்தப்படாத நிறுவனங்களும் ரேட்டிங் போட வழி செய்வது. பத்திரமயமாக்கலில் அமர்த்தப்பட்ட நிறுவனத்துக்குத் தந்த தகவலையெல்லாம் கடவுச்சொல் உள்ள தளத்தில் போட்டு, மற்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களும் பார்க்க விடவேண்டும் என்று எஸ்இசி விதித்தது. கேட்காமலே ரேட்டிங் போட முன்வந்தவர் மிகக் குறைவு. காரணம் ரகசியமில்லை: வாரக்கணக்கான உழைப்புக்குக் கட்டணம் தருபவர் யாருமில்லை, கடுமையாக எழுதினால் அடுத்த ஒப்பந்தமும் போகும்.

மூன்றாவதுதான் நேரடியான மருந்து. யார் மதிப்பிடுவது என்பதை வெளியீட்டாளர் தேர்ந்தெடுக்காமல், நடுநிலை வாரியம் ஒன்று ஒதுக்க வேண்டும். செனட்டர் அல் ஃபிராங்கன் கொண்டுவந்த இந்தத் திருத்தம் 2010 மே மாதம் அமெரிக்க செனட்டில் 64-க்கு 35 என்று நிறைவேறியது. இறுதிச் சட்டத்தில் அது 'ஆராய்ந்து அறிக்கை தா' என்று சுருங்கியது. 2012 டிசம்பரில் அறிக்கை வந்தது. ஒதுக்கீட்டு முறை வரவில்லை. எதிர்ப்பாளர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது: சுழற்சியில் வேலை உறுதி என்றால் நன்றாகச் செய்யத் தூண்டுதல் என்ன? ஒதுக்கும் வாரியத்தை யார் கண்காணிப்பது? என் பார்வையில் இதற்கு விடை உண்டு. கடந்த கணிப்புகளின் துல்லியத்தைப் பொறுத்து ஒதுக்கீட்டுப் பங்கை ஏற்றி இறக்கலாம். பத்திரமயமாக்கலில் மட்டும் தொடங்கலாம். முதலீட்டாளரே கட்டணம் கட்டும் பழைய முறைக்குத் திரும்பு என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவரும் அதன் தரம் இறங்குவதை விரும்புவதில்லை.

சட்டப் பொறுப்பை ஏற்றினால் பயந்து நடப்பார்கள் என்ற யோசனைக்கு 2010 ஜூலையில் ஒரு சோதனை நடந்தது. பத்திர வெளியீட்டின் பதிவு ஆவணத்தில் ரேட்டிங் இடம்பெற்றாலும் அதற்கு நிபுணர் பொறுப்பு (தவறானால் நிபுணராக வழக்குக்கு உள்ளாகும் பொறுப்பு) இல்லை என்ற விலக்கை டாட்–ஃபிராங்க் நீக்கியது. உடனே மதிப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் ரேட்டிங்கை ஆவணத்தில் சேர்க்கச் சம்மதம் மறுத்தன. ரேட்டிங்கை ஆவணத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்பது சொத்துப் பின்னணிப் பத்திரங்களுக்கான விதி. சந்தை முட்டி நின்றது. ஃபோர்டு கார் நிறுவனத்தின் கடன் பிரிவான ஃபோர்டு மோட்டார் கிரெடிட்டின் கோரிக்கையை ஏற்று, ரேட்டிங் இல்லாமலே ஆவணம் தாக்கல் செய்தால் நடவடிக்கை எடுப்பதில்லை என்று எஸ்இசி கடிதம் கொடுத்தது. தற்காலிகம் என்று சொன்ன அந்தக் கடிதம், சில மாதங்களில் காலவரையின்றி நீண்டது.

சுதந்திரத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது: கண்காணிப்பவரிடமிருந்தே சுதந்திரம். ரேட்டிங்கின் உள்ளடக்கத்திலோ மதிப்பீட்டு முறையிலோ ஒழுங்குமுறை அமைப்பு தலையிடக் கூடாது என்று அமெரிக்கா, ஐரோப்பா இரண்டின் சட்டமும் சொல்கின்றன. அரசுகளும் கடன் வாங்குபவைதான் என்பதால் இது அலங்கார வாசகம் அல்ல. 2011-ல், நெருக்கடியில் இருந்த நாடுகளின் ரேட்டிங்கைத் தற்காலிகமாக நிறுத்தும் அதிகாரத்தை ஐரோப்பிய ஆணையம் யோசித்து, பிறகு கைவிட்டது. அதற்குப் பதில் வந்தது கால அட்டவணை. நாடுகளின் ரேட்டிங் தேதிகளை முந்தைய டிசம்பரிலேயே அறிவித்து, வெள்ளிக்கிழமை சந்தை மூடிய பிறகு வெளியிட வேண்டும். கேட்காமல் போடும் நாட்டு ரேட்டிங் ஆண்டுக்கு மூன்றுக்கு மேல் கூடாது. முடிவை முழு வேலைநாள் ஒன்று முன்னதாக அந்த நாட்டுக்குச் சொல்ல வேண்டும். இந்த ஒரு நாள் உண்மைப் பிழைகளைத் திருத்துவதற்கு. தொலைபேசியில் மன்றாடவும் அதே ஒரு நாள் பயன்படும் என்பதால், வந்த அழைப்புகளின் பதிவும் கோப்பில் இருக்க வேண்டும்.

ரேட்டிங் வெளியான பிறகான கண்காணிப்பில்தான் சறுக்கல்கள் அதிகம், பேச்சு குறைவு. அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001-ல் திவாலுக்கு நான்கு நாள் முன்புவரை முதலீட்டுத் தரத்தில் இருந்தது. இந்தியாவின் உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐஎல் அண்டு எஃப்எஸ் 2018-ல் ட்ரிபிள் ஏ-யிலிருந்து சில வாரங்களில் தவணை தவறியதைக் குறிக்கும் டி-க்கு விழுந்தது. புது ரேட்டிங்குக்குக் காத்திருப்பவர் வாசலில் நிற்கிறார். பழைய ரேட்டிங்கை மறுபரிசீலனை செய்யச் சொல்லி யாரும் வருவதில்லை. ஆகவே நல்ல ஆய்வாளர்கள் புது வேலைக்குப் போவார்கள். தவணை தவறவில்லை என்று மாதந்தோறும் வெளியீட்டாளரிடம் அறிக்கை வாங்கச் சொல்லும் செபியின் விதி சின்னதுதான், ஆனால் கூர்மையானது. அறிக்கை வராத மாதமே ஓர் எச்சரிக்கை.

எஸ்இசி ஒவ்வொரு நிறுவனத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்ய வேண்டும். அப்படி உள்ளே போகிறவர் எதைக் கேட்க வேண்டும்? குழுக் கூட்டக் குறிப்புகளை எல்லோரும் கேட்பார்கள். அவை கேட்கப்படும் என்று தெரிந்தே எழுதப்படுபவை. அவற்றைவிட, கணினி மாதிரி தந்த முதல் விடைக்கும் வெளியான ரேட்டிங்குக்கும் இடைவெளி உள்ள கோப்புகளைத் தனியே எடுத்து, இடைவெளி எத்தனை முறை மேலே, எத்தனை முறை கீழே என்று எண்ணலாம். ஒரே குழு இரண்டு முறை கூடியிருந்தால் நடுவில் நடந்த மின்னஞ்சல்களைப் படிக்கலாம். குழு உறுப்பினர் கடைசி நேரத்தில் மாறியிருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வணிகப் பிரிவு வைத்திருக்கும் ஒரு பட்டியலைக் கேட்க வேண்டும்: கைநழுவிய ஒப்பந்தங்கள். எந்தப் பத்திரம், எந்தத் தேதி, யாரிடம் போனது, 'நம் அளவுகோல் கடுமை' என்று காரணம் எழுதியிருக்கிறதா. அந்தப் பட்டியலை ஒரு பக்கமும், மதிப்பீட்டு முறைகள் திருத்தப்பட்ட தேதிகளை மறுபக்கமும் வைத்து, ஒரே வகைப் பத்திரத்தில் இழப்புகள் குவிந்த பிறகு எத்தனை வாரத்தில் முறை தளர்ந்தது என்று கோடு போட்டுப் பார்க்க வேண்டும்.